இணையத்தில் கடவுச்சீட்டு: புதிய முறை தடுமாறும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை

வீட்டுச் சுவர் பாதி எழும்பி நிற்கும். கிணற்றை இறைத்துச் சுத்தமாக்கியிருப்பீர்கள். காணியைத் துப்புரவாக்கியிருந்தாலும் முதற் போகம் இன்னும் கைக்கு வந்திருக்காது. இந்த இடைக்காலத்தில்தான் பல வீடுகளில் அந்தப் பேச்சு எழுகிறது: ஒருவர் இரண்டு வருடம் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தால் என்ன? போவதா வேண்டாமா என்பதை உங்கள் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும். போவதென்று முடிவெடுத்தால் முதலில் வேண்டியது கடவுச்சீட்டு. அதற்கான விண்ணப்பமோ, திகதி ஒதுக்குதலோ இன்று பெரும்பாலும் கணினியில்தான் தொடங்குகிறது. முகாமிலும் உறவினர் வீட்டிலும் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் அதிகம் சிக்குகிறது. அதில் எது உங்கள் பிழை, எது உங்கள் பிழையல்ல என்று தெரிந்து வைத்திருந்தால் பணமும் அலைச்சலும் மிச்சமாகும்.

முறை எப்படித் தொடங்கியது

வீட்டிலிருந்தே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முறையை அரசாங்கம் 2023 ஜூன் 15ஆம் திகதி ஹோமாகமவில் ஆரம்பித்து வைத்தது. விண்ணப்பத்தையும் ஆவணங்களின் படங்களையும் இணையத்தில் அனுப்பலாம். அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோவில் எடுக்கும் படம் அங்கிருந்தே திணைக்களத்துக்குப் போகும். நீங்கள் கைவிரல் அடையாளம் வைக்க மட்டும் தெரிவு செய்யப்பட்ட பிரதேச செயலகம் ஒன்றுக்குப் போனால் போதும், கடவுச்சீட்டு கூரியரில் வீட்டுக்கு வரும். இப்படித்தான் திட்டமிடப்பட்டது. ஆரம்பத்தில் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 50 பிரதேச செயலகங்கள் இதில் சேர்க்கப்பட்டன. முல்லைத்தீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏறிப் போய் வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒரு வருடம் கழித்து, 2024இன் நடுப்பகுதியில், பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத் தலைமையகத்தின் முன்னால் மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றார்கள். பிந்தி வந்தவர்களுக்கு அன்றைய இலக்கத்துண்டு கிடைக்கவில்லை. இணையத்தளம் வேலை செய்யாததால்தான் இந்த வரிசை வந்தது என்று பலர் நினைத்தார்கள். முக்கிய காரணம் வேறு. அச்சிடுவதற்கான வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்கள் கையிருப்பில் போதாமல் இருந்தன. புதிய புத்தகங்களுக்கான கேள்விப்பத்திரம் இழுபறியில் இருந்தது. விண்ணப்பத்தைக் கணினி எவ்வளவு வேகமாக ஏற்றுக்கொண்டாலும் அச்சிடப் புத்தகம் இல்லாவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும்.

2024 நவம்பர் 6ஆம் திகதி முதல், முன்கூட்டியே இணையத்தில் திகதி பதிவு செய்துகொண்டு வரும் முறை நடைமுறைக்கு வந்தது. வாசலில் நின்ற வரிசை கணினித் திரைக்கு மாறியது, அவ்வளவுதான். திகதிகள் மாதக்கணக்கில் முன்னால் தள்ளிப்போயின. 2025 பெப்ரவரியில் தலைமையகத்தில் 24 மணி நேர சேவை ஆரம்பித்த பிறகுதான் நெருக்கடி படிப்படியாகத் தணிந்தது. வட மாகாணத்தவர்கள் நீண்ட காலம் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தையே நம்பியிருந்தார்கள். 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் ஒரு பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. திரையில் "திகதி இல்லை" என்று வந்தால் நீங்கள் ஏதோ பிழையாகச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. யாருக்கும் காசு கொடுத்து அதைச் சரிப்படுத்தவும் முடியாது. "உள்ளே ஆள் இருக்கிறார், பதினையாயிரம் தாருங்கள், நாளைக்கே எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், இல்லாத புத்தகத்தை அவரும் கொண்டு வரமாட்டார் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்விக்கு உங்கள் வாழ்க்கை பொருந்தாதபோது

புதிய கணினி முறைகள் எல்லாம் ஒரே மாதிரியான ஒரு குடும்பத்தை மனதில் வைத்துத்தான் அமைக்கப்படுகின்றன. அந்தக் குடும்பம் ஒரே முகவரியில் இருந்திருக்கும், ஆவணங்கள் எதுவும் தொலைந்திருக்காது, எல்லோருக்கும் அடையாள அட்டை இருக்கும். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். குறியீடு வந்தபோது இதைக் கண்டோம். ஆரம்பத்தில் ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம்தான். வாங்கிய மோட்டார் சைக்கிளைத் தன் பெயருக்கு மாற்றாமல் ஓடியவர்கள் திண்டாடினார்கள். 2023இல் அஸ்வெசும பெயர்ப் பட்டியல் வெளியானபோதும் ஏறத்தாழ பத்து இலட்சம் மேன்முறையீடுகள் போயின. மேன்முறையீட்டுக்குத் திகதி இருக்கிறதென்று தெரியாமல் இருந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

கடவுச்சீட்டில் நீங்கள் முட்டுப்படக்கூடிய இடங்கள் சில.

முதலாவது, அடையாள அட்டை இலக்கம். உங்களிடம் பழைய அட்டை இருந்தால் அதில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் ஒரே ஆளுடையதுதான். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேரும், முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு பூச்சியம் வரும், கடைசி எழுத்து விடுபடும். ஓர் ஆவணத்தில் பழையதும் இன்னொன்றில் புதியதும் இருக்கிறதென்று பயந்து, புதிய அட்டைக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். முதலில் அலுவலரிடம் இரண்டையும் காட்டிக் கேளுங்கள். அட்டையே தொலைந்திருந்தால் மட்டும் கிராம உத்தியோகத்தர் ஊடாக அதை முதலில் எடுக்க வேண்டும். அது இல்லாமல் மற்ற வேலைகள் நகராது.

இரண்டாவது, பெயரின் ஆங்கில எழுத்து. எமது கள உத்தியோகத்தர்கள் அடிக்கடி காண்பது இதைத்தான். தமிழில் பெயர் ஒன்றாகவே இருக்கும். பாடசாலைப் பதிவில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, முகாம் பதிவில் மூன்றாவது. அலுவலர் தமிழை வாசித்து விளங்கிக்கொள்வார், கணினி அப்படிச் செய்யாது. ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள் என்றுதான் எடுக்கும். விண்ணப்பத்தை வேறொருவர் தட்டச்சு செய்தால், அனுப்புவதற்கு முன் அடையாள அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் வடிவத்தை ஒப்பிடலாம். இரண்டு நிமிட வேலை. கடவுச்சீட்டு அச்சான பிறகு திருத்துவதென்றால் திரும்பவும் அலைச்சல், திரும்பவும் செலவு.

மூன்றாவது, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். இடப்பெயர்வில் அது தொலைந்திருந்தால், பிறந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். கணினி மயப்படுத்தப்பட்ட பதிவுகளின் பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். பதிவு எங்குமே இல்லையென்று தேடிப் பார்த்து உறுதியானால், பதிவாளர் நாயகம் திணைக்களம் உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்றை வழங்கும். அதற்குக் காலம் எடுக்கும் என்பதால் கடவுச்சீட்டு எடுக்கும் யோசனை வருவதற்கு முன்பே அதைத் தொடங்குவது நல்லது. அடையாள அட்டைக்கும் பிள்ளையின் பாடசாலைக்கும் அது எப்படியும் வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு

இந்தியாவில் பிறந்த பிள்ளையுடன் வந்திருந்தால் உங்கள் நிலை வேறு. இதை அவசரமாகப் பார்க்க வேண்டும். தாய் தந்தை இலங்கையர் என்பதற்காகப் பிள்ளையின் குடியுரிமை தானாகவே பதிவாகிவிடாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை இலங்கைப் பிரஜையாகப் பதிவு செய்ய வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிவு செய்திருந்தால் அந்தப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். செய்யாவிட்டால் இங்கு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்கலாம். பிறந்து ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டியது இது. பிந்தினால் தண்டப்பணம் உண்டு, ஆனால் பிந்திவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தந்தை மட்டுமல்ல, தாய் இலங்கையராக இருந்தாலும் உரிமை உண்டு. இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், விவாகப் பதிவுப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

குடியுரிமைச் சான்றிதழ் இல்லாமல் அந்தப் பிள்ளைக்கு 15 வயதில் அடையாள அட்டை எடுக்க முடியாது. அடையாள அட்டை இலக்கம் இல்லாவிட்டால் இணைய விண்ணப்பம் அடுத்த பக்கத்துக்கே போகாது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் வேலைக்கென்று புறப்படும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. இதை இணையத்தில் முயற்சித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நேரில்தான் தீரும்.

யாருடைய தொலைபேசி இலக்கம்?

வீட்டில் இணைய வசதி இல்லாததால் பெரும்பாலானோர் சந்தியிலுள்ள தொடர்பாடல் நிலையத்துக்குத்தான் போகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் விண்ணப்பத்தில் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் கேட்கும் இடத்தில் கடைக்காரர் வசதிக்காகத் தன்னுடையதைப் போட்டுவிடுவதுண்டு. அதன் பிறகு வரும் குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குத்தான் போகும். உங்களுக்கு ஒதுக்கிய திகதி, ஆவணம் தெளிவில்லை என்ற அறிவித்தல், எதுவும் உங்களுக்குத் தெரியாது. உங்கள் இலக்கத்தையே கொடுங்கள். இல்லாவிட்டால் வீட்டிலுள்ள நம்பிக்கையான ஒருவருடையதைக் கொடுங்கள். மனைவியின் விண்ணப்பத்துக்கு வெளியூரில் வேலை செய்யும் கணவரின் இலக்கத்தைக் கொடுத்தாலும் இதே சிக்கல்தான். அந்த சிம் அட்டையை வேலை முடியும்வரை மாற்ற வேண்டாம். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் வாசித்துக் காட்டாதீர்கள். விண்ணப்ப இலக்கத்தையும் ஸ்ரூடியோ தரும் பற்றுச்சீட்டையும் அடையாள அட்டையின் பிரதியோடு ஒரே உறையில் வையுங்கள். அடையாள அட்டையின் மூலப்பிரதியை மட்டும் எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கட்டணங்கள் கடந்த வருடங்களில் மாறியுள்ளன, எந்தப் பிரதேச செயலகத்தில் கைவிரல் அடையாளம் எடுக்கிறார்கள் என்பதும் மாறலாம். பஸ் ஏறுவதற்கு முன் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு அழைத்துக் கேளுங்கள். தமிழில் பேசலாம்.

கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகு

கடவுச்சீட்டு மட்டும் வேலை அனுமதி ஆகாது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவர்களால் எமது பெண்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறார்கள். 2022இல் ஓமானில் சிக்கிய பெண்களின் நிலையைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். புறப்படுவதற்கு முன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அது காலாவதியாகிவிட்டதா, சொல்லப்படும் வேலைக்குப் பணியகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை 1989 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் கேட்கலாம். முகவரின் பெயரைக் கடையின் பலகையிலிருந்து அல்ல, அனுமதிப்பத்திரத்திலிருந்து பார்த்துச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் அனுப்பி நீண்ட காலமாக எந்தப் பதிலும் இல்லையென்றால் இன்னொரு விண்ணப்பம் அனுப்ப வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு விண்ணப்பம் கிடந்தால் குழப்பம் கூடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கொடுத்ததற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்கி, அதையும் அந்த உறைக்குள்ளேயே வையுங்கள்.