கிஸ்தி பாக்கிக்கு நோட்டீஸ் வந்தால்...



விதை, உரம், பூச்சிமருந்து என்று பேச வேண்டிய ஆள் இன்றைக்குக் கிஸ்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. கிராமங்களுக்குப் போகும்போது, "சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். பார்த்தால் வரிப்பாக்கி நோட்டீஸ். வந்து பல நாளாகியிருக்கும். எரவாணத்தில் சொருகி வைத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

"நாற்பது ரூபாய் பாக்கிக்கு நிலத்தையா எடுத்துடுவாங்க?" என்று கேட்கிறவர்களும் உண்டு. கிஸ்தி சின்னத் தொகைதான், வாஸ்தவம். அதற்காக ஏலம் வரை போவதும் அபூர்வம். ஆனால் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் இன்றும் நம் மாநிலத்தில் நடப்பில் உள்ளது. நிலமும், அதன் மேலுள்ள கட்டடமும், அதில் விளைவதும் அரசு வரிக்கு ஈடு என்று அது சொல்கிறது. நீங்கள் ஒரு நிலத்தைக் கிரயம் வாங்கினால் பழைய பாக்கியும் நிலத்தோடு சேர்ந்து வரும். கிரயம் பேசும்போது வில்லங்கம் பார்க்கிறோம், கிஸ்தி ரசீது கேட்கிறோமா?

இன்னொன்று. கிஸ்தி மட்டும் இந்த வழியில் வசூலாவதில்லை. அரசிடம் வாங்கிய தக்காவிக் கடன், புறம்போக்கில் பயிர் வைத்ததற்குப் போட்ட பி மெமோ தொகை போன்றவற்றையும் நிலவரிப் பாக்கி போலவே வசூலிக்கலாம். இங்கேதான் தொகை பெரிதாகிறது. (பி மெமோ கட்டிக்கொண்டே வந்தால் பட்டா கிடைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது உரிமை தருகிற காகிதம் அல்ல.) ஆகவே நோட்டீஸ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எந்த இனத்துக்கு, எந்தச் சர்வே நம்பருக்கு, எந்தப் பசலிக்கு என்பதைத்தான்.

பசலிக் கணக்கு பலரைக் குழப்புகிறது. ஜூலை 1-ல் பசலி பிறந்து அடுத்த ஜூன் 30-ல் முடிகிறது. பிறக்கிற ஆங்கில வருஷத்தில் 590-ஐக் கழியுங்கள். 2016 ஜூலையில் பிறந்தது 1426-ஆம் பசலி. அந்தப் பசலியின் நடுவில், 2017 ஜனவரியில், 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்து நிலவரியைத் தள்ளுபடி செய்தார்கள். அப்படித் தள்ளுபடியான பசலிக்குப் பாக்கி கேட்டிருந்தால் நீங்கள் ஆட்சேபிக்கலாம். ஆனால் கடன் தள்ளுபடி வேறு, வரித் தள்ளுபடி வேறு. 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனதே, அதோடு கிஸ்தியும் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டிருந்தால் அது தவறு.

கட்டிய ரசீது கையில் இருந்தால் அதன் நகலோடு கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா ஆபீசிலோ மனு கொடுங்கள். ஜமாபந்தியிலும் கொடுக்கலாம். வாயால் சொன்னது கணக்கில் ஏறாது. பயிர் சாவியாகிப்போனால் வஜா கேட்க வேண்டும். பயிர் வயலில் நிற்கும்போதே மனு கொடுத்து, அடங்கலில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறுத்துத் தாளடியும் மாடு மேய்ந்த பிறகு யார் வந்து எதைப் பார்ப்பது?

பட்டா இன்னும் செத்துப்போன அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ இருக்கிறதா? நோட்டீஸும் அந்தப் பேருக்குத்தான் வரும். அண்ணன் கட்டுவார் என்று தம்பியும், தம்பி கட்டுவான் என்று அண்ணனும் இருந்துவிடுவார்கள். பாகம் பிரிந்தவுடன் பட்டா மாற்றிக்கொள்வதுதான் இதற்கு மருந்து.

நோட்டீஸை வாங்காமல் ஒளிவதில் பயன் இல்லை. வீட்டிலோ நிலத்திலோ ஒட்டினாலும் கொடுத்ததாகத்தான் கணக்கு. பொருளை ஜப்தி செய்ய வந்தால் பொழுது விடிந்த பிறகு, பொழுது சாய்வதற்குள்தான் வரலாம். எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். கைது என்றதும் பயப்படுகிறார்கள். சொத்தை விற்றும் பாக்கி தீராமல், வேண்டுமென்றே கட்டாமல் இருக்கிறார் அல்லது மோசடி செய்கிறார் என்று கலெக்டர் நம்பக் காரணம் இருந்தால்தான் அந்த நடவடிக்கை.

நிலம் ஏலத்துக்கு வந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிப்பு ஒட்டியாக வேண்டும். அதற்குள் பாக்கி, வட்டி, செலவு மூன்றையும் கட்டினால் நிலம் ஜப்தியிலிருந்து விடுபடும். குத்தகைக்காரரும் கட்டலாம். கட்டியதைக் குத்தகையில் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

ஏலமே முடிந்துவிட்டது என்றாலும் கைவிட வேண்டாம். ஏலத் தேதியிலிருந்து 30 நாளுக்குள், ஏலம் எடுத்தவருக்குக் கிரயத் தொகையில் நூற்றுக்கு 5 வீதமும், அரசுக்குச் சேர வேண்டிய பாக்கி, வட்டி, செலவும் கட்டி, ஏலத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஏலம் நடத்தியதில் பெரிய முறைகேடோ தவறோ மோசடியோ இருந்து அதனால் நஷ்டம் என்றால், அதே 30 நாளுக்குள் கலெக்டருக்கு மனுப்போட வேறொரு வழி உண்டு. இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்த முடியாது. பணம் கட்டுகிற வழிக்கு வர வேண்டுமானால் மற்ற மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த வழி என்று முடிவு செய்ய வக்கீலிடம் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே போங்கள். இருபத்தெட்டாம் நாள் போனால் அவருக்கு நோட்டீஸைப் படிக்கத்தான் நேரம் இருக்கும்.

போகும்போது பட்டா, சிட்டா, அடங்கல் நகல், பழைய ரசீதுகள், அந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.