குழந்தையோடு செல்லும் சொற்பலகை

பேச்சு வராத குழந்தை அழும்போது, காரணம் பசியா, வயிற்று வலியா, இரைச்சலைக் கண்ட அச்சமா என்பதைப் பெற்றோர் ஊகித்தே அறிய வேண்டியிருக்கிறது. ஊகம் தவறினால் வலி நீடிக்கிறது. சிறப்பு வகுப்பறைகளின் சுவர்களில் படங்களும் சொற்களும் ஒட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம். ஆனால் மணி அடித்ததும் அச்சுவர் குழந்தையுடன் வீட்டிற்கு வருவதில்லை, மருத்துவமனைக்கும் வருவதில்லை. எனவேதான் கையில் எடுத்துச் செல்லும் சொற்பலகையைச் செய்துகொள்ளுமாறு பெற்றோரிடம் கூறி வருகிறோம்.

செய்முறை எளிது. ஏ4 அளவுள்ள இரண்டு கெட்டி அட்டைகளைப் புத்தகம்போல் மடங்கும்படி அகன்ற டேப்பினால் இணைக்கவும். படங்களை லேமினேட் செய்து, வெல்க்ரோ கொண்டு ஒட்டவும். பொருள்களை வாயில் போடும் வழக்கமுள்ள குழந்தைக்குப் படங்களைக் கழற்ற முடியாதவாறு ஒட்டிவிடுவதே பாதுகாப்பு. தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு படங்கள் போதும். ஒரு படத்தின் இடத்தை மாற்றாதீர்கள். குழந்தையின் கை அவ்விடத்தை நினைவில் கொள்கிறது.

எந்தச் சொற்களை வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். கடையில் விற்கும் படத்தாளில் சிங்கமும் கப்பலும் இருக்கும். வலிக்கும் குழந்தைக்குச் சிங்கத்தால் பயனில்லை. ‘வேண்டும்’, ‘இன்னும்’, ‘போதும்’, ‘உதவி’, ‘வலிக்கிறது’ ஆகியவையே முதலில் தேவை. ‘வேண்டாம்’ என்னும் சொல்லைப் பெரியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம், அது நமக்கு வசதியாக இல்லாததால்! உணவுப் படமாக உங்கள் வீட்டுத் தட்டில் உள்ள களியையே கைப்பேசியில் எடுத்து அச்சிடுங்கள். தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடாயின், வீட்டில் வழங்கும் சொல்லையே படத்தின் மேல் எழுதுங்கள்.

பலகையைத் தேர்வுத்தாள் ஆக்கிவிடக் கூடாது. “இது என்ன?” என்று வினவுவதைவிட, நீங்கள் பேசும்போதே படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். “தண்ணீர் வேண்டுமா?” என்று கேட்கையில் இரு படங்களையும் தொடுங்கள். பல வாரங்கள் பதில் இல்லாதிருக்கலாம். பேசும் குழந்தையும் நெடுநாள் கேட்ட பின்னரே பேசுகிறது.

“படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமலே போய்விடுமோ?” என்று பெற்றோர் எங்களிடம் அஞ்சிக் கேட்பதுண்டு. பலகையால் பேச்சு குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிலரிடம் பேச்சு ஓரளவு கூடியதையே அவை காட்டுகின்றன.

சென்னை வித்யாசாகர் நிறுவனத்துடன் இணைந்து அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ‘ஆவாஸ்’, தொட்ட படத்தை ஒலியாகப் பேசுகிறது. கருவி வாங்க இயன்றவர்களும் அட்டைப் பலகையைக் கைவிட வேண்டாம். பென்னாகரத்திலிருந்து பேருந்தில் வரும் வழியில் மின்னூட்டம் தீர்ந்தாலும் அட்டை பேசும்.

படங்களைத் தேர்ந்தெடுக்க, உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அணுகலாம். பள்ளிக்கு ஒரு படி, வீட்டிற்கு ஒரு படி எனச் சொற்களும் இடங்களும் மாறாமல் இரண்டு செய்துகொள்ளுங்கள். பலகையின் பின்புறம் ஒரு குழந்தையின் முழு உருவத்தை வரைந்து வையுங்கள். அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது, எங்கே வலிக்கிறது என்பதைக் குழந்தையே அதில் தொட்டுக் காட்டட்டும்.