தொழிலும் உடல்நலமும் குடும்பமும்: ஒரு பொருளியலறிஞரின் ஆய்வுகள்

வேலையின்மை பெருகினால் நோயும் சாவும் பெருகும் என்பது பொருளியல் கல்லாதாரும் ஐயமின்றி ஒப்பும் கருத்தாகும். உயர்தர வகுப்பில் இதுபற்றி வினவும்போதெல்லாம் மாணவர் ஒரே குரலில் இவ்விடையையே இறுப்பர். யானும் பல்லாண்டுகளாக அதனைச் சரியென்றே திருத்தி வந்தேன்.

இக்கருத்தை 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரை அசைத்தது. அதனை எழுதியவர் கிறிஸ்தோபர் றூம் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர். பின்னர் வர்ஜீனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கியவர். 1972 முதல் 1991 வரையுள்ள காலத்தில் ஐக்கிய அமெரிக்க மாநிலங்களின் வேலையின்மை வீதத்தையும் இறப்பு வீதத்தையும் அவர் ஆராய்ந்தார். செல்வம் மிக்க மாநிலத்தை வறிய மாநிலத்தோடு ஒப்பிட்டாரல்லர். அவ்வாறு ஒப்பிடின் இரண்டிற்குமிடையேயுள்ள வேறு நூறு வேற்றுமைகள் விடையைக் குழப்பிவிடும். ஒரு மாநிலத்தை அதே மாநிலத்தின் வேறோர் ஆண்டோடு ஒப்பிட்டு, நாடு முழுவதற்கும் பொதுவாய் நேர்ந்த மாற்றங்களையும் கழித்தே கணக்கிட்டார். வேலையற்றோர் தொகை தொழிற்படையில் நூற்றுக்கு ஒருவராகக் கூடியபோது மொத்த இறப்பு ஏறத்தாழ நூற்றுக்கு அரைப் பங்கு குறைந்திருந்தது. அவர் நோக்கிய பத்து இறப்புக் காரணங்களுள் எட்டு இவ்வாறே குறைந்தன. வீதி விபத்துச் சாவுகள் பெரிதும் குறைந்தன. தற்கொலையோ கூடியது.

வேலையிழந்த ஒருவன் அதனால் நலம் பெறுவான் என்று இவ்வாய்வு கூறவில்லை என்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அவன் துன்பமுறுவான் என்பதற்கு வேறு ஆய்வுகள் சான்று. இங்கே பேசப்படுவது மக்கட்டொகை முழுவதன் நிலை. வாணிபம் செழிக்கும் காலத்தில் வீதிகளில் வாகனம் மலிகின்றது. தொழில் நேரம் நீள்கின்றது. உடலைப் பேணும் ஓய்வு சுருங்குகின்றது. அக்காலத்தில் புகைத்தலும் உடற்பருமனும் கூடுவதையும், ஓய்வுநேர உடற்பயிற்சி குறைவதையும் றூம் கண்டார். ஊதியம் கூடுகையில் மனிதன் விற்பது தன் உழைப்பை மட்டுமன்று. தன் உடலுக்குரிய நேரத்தையும் சேர்த்தே விற்கின்றான்.

இவ்வறிஞரிடம் யான் பெரிதும் மதிப்பது பிறிதொன்று. 2015 இல் அவரே தம் முடிபை மறுபடியும் சோதித்தார். 1976 முதல் 2010 வரையுள்ள தரவுகளை நோக்கியபோது, பொருளாதாரநிலைக்கும் மொத்த இறப்புக்கும் இடையே இருந்த தொடர்பு பிற்காலத்தில் பெரிதும் நலிந்துவிட்டதென அறிவித்தார். இருதய நோயும் வீதி விபத்தும் பழைய வழியிலேயே சென்றன. ஆயின் மருந்துகளால் நேரும் நச்சேற்றச் சாவுகள் மந்த காலத்திற் கூடின. தம்மைப் புகழுக்குரியவராக்கிய முடிபைத் தாமே தளர்த்தி எழுதுவது எளிய செயலன்று.

நேரம் பற்றிய இவ்வினா குடும்பத்தினுள் நுழையும்போது மேலும் கூர்மையடைகின்றது. பச்சிளங் குழந்தைக்கு வேண்டுவது தாயின் நேரம். தொழிலதிபர் வேண்டுவதும் அதுவே. றூம் 16 ஐரோப்பிய நாடுகளை 1969 முதல் 1994 வரை ஆராய்ந்து, ஊதியத்தோடு கூடிய பெற்றோர் விடுமுறை பத்து வாரம் நீளின் சிசு மரணம் நூற்றுக்கு 2.5 முதல் 3.4 வரை குறையுமென மதிப்பிட்டார். இது விடுமுறையின் பயனா, அன்றி நாடு வளம் பெற்றதன் பயனா? பிறந்து முதல் மாதத்துள் நேரும் சாவுகளும் நிறைகுறைந்த பிறப்புகளும் விடுமுறையால் அதிகம் மாறவில்லை. அதன்பின், தாய் வீட்டிலிருப்பதும் பாலூட்டுவதும் பயன்தரும் மாதங்களில் நேரும் சாவுகளே மிகக் குறைந்தன. வளமே காரணமாயின் இரண்டும் ஒருங்கே குறைந்திருத்தல் வேண்டும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒன்பது ஐரோப்பிய நாடுகள் பற்றி 1998 இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஆடவரை ஒப்பீட்டுக்குரியோராகக் கொண்டு பெண்களின் நிலையை அளந்தார். விடுமுறையுரிமை தொழில்புரியும் பெண்களின் தொகையைக் கூட்டிற்று. மூன்று மாத அளவில் ஊதியம் அதிகம் பாதிக்கப்படவில்லை. ஒன்பது மாதமளவிற்கு நீண்டபோதோ ஆடவரோடு நோக்கப் பெண்களின் ஊதியம் ஏறத்தாழ நூற்றுக்கு 3 தாழ்ந்தது. குழந்தையின் உயிருக்கு நன்மை செய்யும் சட்டம், அதன் செலவில் ஒரு பகுதியைத் தாயின் சம்பளத்திலேயே அறவிடுகின்றது. நீண்ட விடுமுறையே நன்று எனக் கூறிவிடுவோர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவிலே 1993 இல் இயற்றப்பட்ட சட்டம் 12 வார விடுமுறையைத் தந்தது, ஆயின் சம்பளமில்லை. 50 பேருக்குக் குறைந்த தொழிலாளரையுடைய நிறுவனங்களை அது கட்டுப்படுத்தவுமில்லை. வாடகைக்கும் உணவுக்கும் வழிதேடும் தாய்க்குச் சம்பளமற்ற விடுமுறை ஏட்டளவில் நிற்கும் உரிமையேயாம். கலிபோர்னியா மாநிலம் 2004 இல் ஆறு வார விடுமுறைக்கு ஊதியத்தின் ஒரு பகுதியை வழங்கத் தொடங்கிற்று. அதற்கான பணம் தொழிலாளர் யாவரும் செலுத்தும் சிறு பங்கிலிருந்து வந்தது. ஆகவே தாயை வேலைக்கமர்த்தியவர் தனியே அச்சுமையைத் தாங்க வேண்டியிருக்கவில்லை. மாயா றொசின்-சிலேற்றர், ஜேன் வால்ட்போகல் ஆகியோருடன் றூம் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாய்மார் எடுத்த விடுமுறை சராசரி மூன்று வாரத்திலிருந்து ஆறு அல்லது ஏழு வாரமாக உயர்ந்தது. மிகுதியாகப் பயன்பெற்றோர் கல்லூரிக் கல்வியில்லாதோரும் மணமாகாத தாய்மாருமே. ஒன்று முதல் மூன்று வயதுவரையுள்ள பிள்ளைகளையுடைய தொழில்புரியும் தாய்மாரின் வேலை நேரம் குறையவில்லை, கூடிற்று. அவ்வாறு வாரம் 2020 இல் எட்டு வாரமாக்கப்பட்டது.