பதினாறாவது இலக்கம் தெரியாத மடிக்கணினி

கிள்ளானில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2010-ஆம் ஆண்டு மடிக்கணினி, இன்டெல் முதல் தலைமுறை ஐ5. அதற்கு 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கிப் போட்டதும் திரை இருண்டு போனது. கடைக்காரர் அதே ரேமை வேறொரு மடிக்கணினியில் போட்டுக் காட்டினார், ஒழுங்காக ஓடியது. நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய 4 ஜிபி ரேமோ இவருடைய கணினியில் ஓடுகிறது. இரண்டும் டிடிஆர்3, ஒரே அளவு, ஒரே வேகம். பிறகு என்னதான் கோளாறு?

நல்ல நேரத்தில் வந்த கேள்வி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்கும் தொழிலை விடுவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, விலை ஏறியது. புதுக் கணினி வாங்கத் தயங்குகிறவர்கள் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து, மோனோரயில் மாறி இம்பியில் இறங்கி, லோ யாட் பிளாசாவில் பழைய ரேம் தேடுகிறார்கள். தேடட்டும். ஆனால் ரேமை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். உலாவியில் பக்கங்களைத் திறந்து வைத்துத் திணறும் கணினி மூச்சு விடும், அவ்வளவுதான். ரேம் கூட்டியதால் 2010-ஆம் ஆண்டு ப்ராசசரை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளப் போவதும் இல்லை.

எல்லாருக்கும் தெரிந்த பொருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியின் டிடிஆர்3 ரேமில் 204 முனைகள், டிடிஆர்4-இல் 260. வெட்டு இருக்கும் இடமும் வேறு, மாற்றிச் செருக முடியாது. மின்னழுத்தம்தான் ஏமாற்றும்: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட், உருவத்தில் இரண்டும் ஒன்றே. எல் வகை 1.5 வோல்ட்டிலும் ஓடும். எல் மட்டுமே கேட்கும் பிற்காலக் கணினியில் சாதாரண டிடிஆர்3-ஐப் போடக் கூடாது.

வாசகரின் ரேம் இதையெல்லாம் தாண்டிவிட்டது. அது இடறிய இடம் வேறு, எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நம் ஊர் அடுக்குமாடி முகவரியை நினைத்துப் பாருங்கள்: பி-12-3. பி புளோக், 12-ஆவது மாடி, 3-ஆம் எண் வீடு. ரேம் சிப்புக்குள்ளும் முகவரி அப்படியேதான். 2 கிகாபிட் சிப் ஒன்றில் 8 புளோக்குகள், ஒவ்வொன்றிலும் 32,768 மாடிகள், மாடிக்கு 1,024 வீடுகள், வீட்டுக்கு 8 பிட்டுகள். ப்ராசசரோடு இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்று, முகவரி முழுவதையும் ஒரே மூச்சில் சொல்வதில்லை. முதலில் புளோக்கும் மாடியும். பிறகு அதே கம்பிகளில் வீட்டு எண். மாடி எண் வந்தவுடன் அந்த மாடியின் 1,024 கதவுகளும் ஒன்றாகத் திறக்கின்றன, குடியிருப்பவர்கள் எல்லாரும் நடைவழிக்கு வந்துவிடுகிறார்கள். வேண்டிய வீட்டாரிடம் பேசி முடித்து, அத்தனை பேரையும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகுதான் அந்த புளோக்கில் அடுத்த மாடியைத் திறக்கலாம். இதற்கிடையில் காவலாளி ஒருவர் ஒவ்வொரு மாடியையும் 64 மில்லி விநாடிக்குள் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் மின்னூட்டம் கசிந்து, வீட்டில் இருந்தவர் யார் என்பதே மறந்து போகும். இத்தனை ஆரவாரமும் விரல் நகத்தளவுச் சிப்புக்குள் ஓயாமல் நடக்கிறது!

வரலாறு ஒரு பத்தி போதும். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1966-இல் இந்த வகை நினைவகத்தைக் கண்டுபிடித்தார். 1970-இல் இன்டெல் 1103 விற்பனைக்கு வந்தது. முகவரியை இரண்டு தவணையாகச் சொல்லும் உத்தியை 1973-இல் மோஸ்டெக் தன் 4,096 பிட் சிப்பில் கொண்டுவந்தது. 12 இலக்க முகவரிக்கு 6 கால்களே போதுமாயின.

இப்போது கிள்ளான் கணினிக்கு வருவோம். 32,768 மாடிகளை எண்ண இரும எண்ணில் 15 இலக்கங்கள் வேண்டும். 4 கிகாபிட் சிப்பில் மாடிகள் இரு மடங்கு, 65,536; அதற்கு 16 இலக்கங்கள். முதல் தலைமுறை ஐ5 2 கிகாபிட் சிப் வரைக்கும் வடிவமைக்கப்பட்டது. அதன் மின்தூக்கியில் மேல்பாதி மாடிகளுக்குப் பொத்தானே கிடையாது. வீடுகள் இருக்கின்றன, போக வழி இல்லை.

நண்பரின் பழைய ரேமில் 2 கிகாபிட் சிப்புகள் 16 இருந்திருக்கும், பக்கத்துக்கு 8. கடையில் வாங்கியதில் 4 கிகாபிட் சிப்புகள் 8. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் அதே 4 ஜிபி. கணினியைத் திறந்ததும் பயாஸ், ரேமில் ஒட்டியிருக்கும் ஒரு குட்டிச் சிப்பைப் படிக்கிறது. மாடி எண்ணுக்கு எத்தனை இலக்கம், எத்தனை வோல்ட் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். 16 என்று கண்டதும் சில கணினிகள் பீப் ஒலி எழுப்பும், சில இருண்டு நிற்கும், சில பாதி அளவை மட்டும் காட்டும். பயாஸ் அப்டேட் செய்தால் சரியாகும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சிலிக்கானில் இல்லாததை அப்டேட் உண்டாக்காது.

இன்டெல்லின் சொந்தக் கணக்கே இதைச் சொல்கிறது: 2010-இன் ஐ5-520எம்முக்கு உச்ச வரம்பு 8 ஜிபி, அடுத்த ஆண்டு வந்த ஐ5-2520எம்முக்கு 16 ஜிபி.

ஆகவே ரேமின் லேபிளைப் படியுங்கள். ‘2ஆர்×8’ என்றிருந்தால் எட்டு எட்டாக இரண்டு வரிசைச் சிப்புகள். வாசகரின் கணினிக்கு வேண்டிய 4 ஜிபி ரேம் அதுதான். ‘1ஆர்×8’ என்றால் ஒரே வரிசை, அது வேண்டாம். ‘பிசி3-12800’ என்பதில் உள்ள 12800, விநாடிக்கு எத்தனை மெகாபைட் என்பது. அதற்காகக் கூடுதல் ரிங்கிட் கொடுக்காதீர்கள், வேகமான ரேம் பழைய கணினியில் அதன் பழைய வேகத்துக்கே இறங்கிவிடும். கேமிங் ரேம் என்ற பளபளப்பான உறைக்கும் இதே பதில்தான். வாங்கியதைப் போட்ட அன்றிரவே மெம்டெஸ்ட்86-ஐ ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். ஏறக்குறைய எல்லா முகவரியிலும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.