வாழைப்பழச் சூறையும் ஒன் பாயிண்ட் ஃபோரும்

உட்கார் தம்பி, முதலில் டீயைக் குடி. தை மாதம் சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடுவதைப் படம் எடுக்கணும், அதற்கு ஒரு பழைய மேனுவல் லென்ஸ் வேணும் என்கிறாய். ஒன் பாயிண்ட் டூவா, ஒன் பாயிண்ட் ஃபோரா, அதுதானே குழப்பம்?

அந்த எண் எங்கிருந்து வருகிறது, பார். 50 மி.மீ. லென்ஸ் என்று வை. 50ஐ 2ஆல் வகுத்தால் 25. வெளிச்சம் நுழையும் வாயின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 1.4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 36. அகலம் கொஞ்சம்தான் கூடியது, பரப்பு இரண்டு மடங்காகிவிட்டது, வெளிச்சமும் அப்படியே. ஆனால் 1.4இலிருந்து 1.2க்குப் போனால் கூடுவது மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் சொச்சம். விலை அந்தக் கணக்கில் ஏறாது. எங்கேயோ போய் நிற்கும்.

காரணம் இருக்கிறது. வாய் அகல அகல, ஓரமாக வரும் ஒளி நடுவில் வரும் ஒளியோடு ஒரே புள்ளியில் சேர மறுக்கும். தெருவிளக்கு புள்ளியாக விழாமல் இறக்கை விரித்துக்கொண்டு விழும். அதை அடக்கத்தான் நிக்கான் 1977இல் நாக்ட்-நிக்கார் 58 மி.மீ. 1.2 லென்ஸைக் கொண்டுவந்தது. அதன் முன்கண்ணாடி கையால் இழைத்தது. கேனான் 1961இலேயே 0.95 வரை போய்விட்டது. முழுசாகத் திறந்தால் பனி மூடின மாதிரி ஒரு மினுமினுப்பு. அதற்காகவே அதைத் தேடி வாங்குகிறார்கள். எனக்கென்னவோ அது கூர்மைக் குறைவுக்குக் கொடுக்கும் கூலியாகத்தான் படுகிறது.

இந்த வம்சத்துக்கு மூத்தவர் செய்ஸ் கம்பெனியின் பால் ருடால்ஃப். 1896இல் அவர் வடிவமைத்த பிளானாரின் சாயல் இன்றும் பல லென்ஸ்களில் உண்டு. சோவியத் ஹீலியோஸ் 58 மி.மீ., செய்ஸின் பயோட்டாரைப் பார்த்துச் செய்தது. பின்னால் மரம் மட்டை இருந்தால் இலைகளெல்லாம் சுழல்வது மாதிரி வரும். பென்டாக்ஸின் டாகுமார் 1.4இல் ஒரு வேடிக்கை: பிந்தைய வகைகளின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. வருஷம் போகப் போக லைட் டீ நிறத்துக்கு வந்துவிடும். கொஞ்ச நாள் புற ஊதா ஒளியில் வைத்தால் தெளியும்.

என் ஓட்டு டாகுமாருக்கு, இல்லையென்றால் நிக்கார் 1.4க்கு. உன் மிரர்லெஸ் கேமராவில் மாட்ட ஓர் அடாப்டர் வளையம் போதும். ஆனால் நிக்கான் ஃபோகஸ் வளையம் ஒரு பக்கம் சுற்றும், கேனான் எதிர்ப்பக்கம். ஒன்றில் கை பழகிவிட்டால் மாற்றாதே.

இப்போது பழத்துக்கு வருவோம். மூன்று மீட்டர் தூரத்தில் 1.4ஐ முழுசாகத் திறந்தால், முழு அளவு சென்சாரில் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஓர் அடிதான். பறக்கிற பழத்தை வளையத்தைத் திருகித் துரத்தினால் ஒன்றும் சிக்காது. பிடிக்கக் கை நீட்டி நிற்பவர்கள்மேல் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திரு. வெளிச்சம் இருந்தால் 2.8க்கு இறக்கு; இரண்டடி கிடைக்கும்.

வாங்கும்போது லென்ஸின் பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்துப் பார். சிலந்திவலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. பேரம் பேசாதே, எழுந்து வந்துவிடு.