பூட்டிய மேப்

கைமாறிய பொருள்கள் – 9

சென்ற வாரம் சுங்கை ரோடு சந்தையைப் பற்றி எழுதியிருந்தேன். 1930களில் காலூன்றிய அந்தப் பழம்பொருள் சந்தை, 2017 ஜூலை 10ஆம் தேதி கடைசி முறையாகக் கூடிக் கலைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதன் பக்கத்திலேயே ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையம் திறந்தது. திட்டமிட்ட காலத்தில் அந்த நிலையத்துக்கு 'சுங்கை ரோடு' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அதைப் படித்துவிட்டு அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, கையால தொடுற சாமானைப் பத்தி மட்டும்தான் எழுதுவீங்களா? என்கிட்ட ஒண்ணு இருக்கு. அது ஓடி பதினாறு வருஷமாச்சு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் துணிப்பையோடு வந்தான். உள்ளே ஒரு பழைய ஹார்டு டிஸ்க். அகலமான தட்டை ஒயர் செருகும் வகை; இன்றைய மடிக்கணினியில் நேராகப் பொருந்தாது. சிம் லிம் ஸ்குவேரில் அதற்கேற்ற அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு, வீராசாமி சாலையில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தோம். சாப்பாட்டு மேசையில் டிஸ்க்கை வைத்து மின்சாரம் கொடுத்தான். இரண்டு முறை கிர்ரென்று சுற்றி நின்றது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது.

உள்ளே அவன் தேடியது ஒரே ஒரு கோப்பு. 2007இல், பதினாறு வயதில், 'வார்கிராஃப்ட் 3' என்ற கணினி விளையாட்டுக்காக அவன் செய்த மேப், அதாவது ஆட்டக்களம். ரோச்சோர் வாய்க்கால் அதில் ஆறு. அதன் கரையோரமாக எதிரிப் படை அணிவகுத்து வரும். தேக்கா சந்தை, டன்லப் ஸ்திரீட், பெர்ச் ரோடு என்று ஒவ்வொரு முனையிலும் காவல் கோபுரம் கட்டி, படை ஜாலான் புசார் ஸ்டேடியத்தை எட்டாமல் தடுக்க வேண்டும். பள்ளித் தோழர்கள் எட்டுப் பேர், கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்த லேன் ஷாப்பில் வரிசையாக உட்கார்ந்து ஆடுவார்களாம். 2009க்குப் பிறகு அது திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதுதான் இந்த வாரக் கதை.

அடுத்தவர் நிலத்தில் எழுந்த வீடு

ஒரு நிறுவனம் விற்ற விளையாட்டை, வாங்கி ஆடுபவர்களே பிரித்து, கூட்டி, புதிதாக ஒன்றாக்கினால் அதை 'மோட்' என்பார்கள். 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டை 2002இல் வெளியிட்ட பிளிசார்டு நிறுவனம், மேப் செய்யும் கருவியையும் அதே பெட்டியில் வைத்துக் கொடுத்தது. உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் அதில் கை வைத்தார்கள். சம்பளம் கிடையாது. நண்பன் ஆடிப் பார்த்துவிட்டு "இன்னொரு ரவுண்டு" என்று சொன்னால் அதுவே கூலி.

ஆனால் அந்தக் கருவியால் ஆகாத காரியங்களும் இருந்தன. ஒரு வீரனுக்கு இத்தனை உயிர், இவ்வளவு தங்கம் என்று தனிக் கணக்கு வைக்க வேண்டுமென்றால், அந்த வீரனுக்கு ஓர் எண் வேண்டும். அந்த எண்ணை எடுக்க நேர்வழி இல்லை. பிள்ளைகள் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். எழுதிய கட்டளைகளைச் சரிபார்க்கும் பகுதி, ஒரு கட்டளைக் கட்டின் கடைசி வரி சரியாக இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தது. கடைசி வரியில் ஓர் எண்ணை ஒப்புக்கு எழுதிவிட்டு, முந்தைய வரியில் வீரனையே திருப்பி அனுப்பினால், விளையாட்டு அந்த வீரனை எண்ணாகவே வாங்கிக்கொண்டது. 'ரிட்டர்ன் பக்' என்று அதற்குப் பெயர். பிழைதான், ஆனால் எத்தனையோ மேப்களுக்கு அந்தப் பிழையே அஸ்திவாரம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து ஒட்டிக்கொள்ள, நாடு நாடாகப் பரவியது. அக்கா மகனும் அப்படி எடுத்து ஒட்டியவன்தான்.

அதே ஓட்டை வழியாக, மேப்புக்குள் ஒளித்த தீய நிரலை ஆடுபவரின் கணினியில் ஓடவிட முடியும் என்பது பிறகு தெரியவந்தது. 2009 ஆகஸ்டில் 1.24 என்ற பேட்ச் (நிறுவனமே அனுப்பும் திருத்தம்) வந்து ஓட்டையை அடைத்தது. அடைக்க வேண்டியதுதான், அதில் நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீரனுக்கு எண் எடுக்க முறையான வழியையும் அதே பேட்சில் கொடுத்தார்கள். பழைய வழியில் எழுதியவர்கள் தங்கள் மேப்பைத் திறந்து, அந்த வரிகளை மாற்றி, மறுபடி சேமித்தால் போதும்.

திறக்க ஆள் இருந்த மேப்கள் பிழைத்தன. ஆள் இல்லாதவை அன்றே நின்றன.

இரண்டு வருடம்

2009 ஆகஸ்டில் அக்கா மகன் தேசிய சேவையில் இருந்தான். சிங்கப்பூரில் பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த இரண்டு வருடம் வேறு எதற்கும் இடம் தராது. வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் தூங்கத்தான் நேரம் சரியாக இருக்கும். அவனோடு ஆடிய எட்டுப் பேரும் அப்படித்தான் ஆளுக்கொரு முகாமில் இருந்தார்கள். முடித்து வந்தபோது லேன் ஷாப்பில் வேறு பிள்ளைகள், வேறு ஆட்டம். "மேப் ஓடலைன்னு ஒருத்தன்கூட சொல்லலை மாமா. சொல்ல ஆளே இல்ல," என்றான்.

மோட் செய்யும் கூட்டங்கள் எங்கே கலைந்தாலும் காரணம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். பரீட்சை வரும், வேலை வரும், கல்யாணம் வரும். செய்தவர் எழுந்து போவார். அவர் உட்கார்ந்த நாற்காலியில் இன்னொருவர் வந்து உட்கார வழி இருந்ததா என்பதே கேள்வி.

வழி இருந்த இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு இந்த ஊரே அறியும்: டோட்டா. 'யூல்' என்ற புனைபெயர்க்காரர் 'வார்கிராஃப்ட் 3'க்குச் செய்த மேப் அது. 2003இல் விளையாட்டின் விரிவாக்கப் பதிப்பு வந்தபோது யூல் விலகிவிட்டார். மற்றவர்கள் அதை எடுத்துக் கூட்டிக் குறைத்து 'டோட்டா ஆல்ஸ்டார்ஸ்' ஆக்கினார்கள். அது 'குயின்சூ' எனப்படும் ஸ்டீவ் ஃபீக் கைக்கு வந்தது. 2005இல் அவரும் கைமாற்றிக் கொடுக்க, 'ஐஸ்ஃப்ராக்' என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. இடையில், 2004இல், யூல் பொதுவில் சில வரிகள் எழுதிவைத்தார். யார் வேண்டுமானாலும் டோட்டாவின் புதிய பதிப்பை வெளியிடலாம், தன் அனுமதி தேவையில்லை, பெயர்ப் பட்டியலில் தன்னை ஒரு வார்த்தை நினைத்தால் போதும் என்பது அதன் சாரம். டோட்டா யாருக்குச் சொந்தம் என்று கலிஃபோர்னியாவில் 2017இல் ஒரு வழக்கு நடந்தபோது, நீதிபதி அந்தச் சில வரிகளைத் தீர ஆராய வேண்டியிருந்தது. போகிறபோது கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போனவரின் சொல்லுக்கு அவ்வளவு கனம்.

1.24 வந்தபோதும் டோட்டா தடுமாறி எழுந்தது. அதைத் திருத்த அன்றைக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே 2009இல் சிங்கப்பூரில் பிறந்த கரேனா நிறுவனத்தின் மென்பொருள், வீட்டில் இருக்கும் பிள்ளைகளை ஒரே லேன் ஷாப்பில் இருப்பதுபோல் இணைத்துக் கொடுத்தது. தென்கிழக்காசியா முழுக்க அதில் டோட்டா ஆடியது. 2011இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், டோட்டாவின் அடுத்த அவதாரமான 'டோட்டா 2'இன் முதல் பெரும் போட்டி நடந்தபோது, சிங்கப்பூரின் 'சைத்' அணி மூன்றாம் இடம் பிடித்தது. அந்த அணியின் பெனடிக்ட் லிம், 2014இல் வெளிவந்த 'ஃப்ரீ டு பிளே' ஆவணப்படத்தின் மூன்று மையப் பாத்திரங்களில் ஒருவர். 2022 அக்டோபரில் அதே போட்டி சிங்கப்பூருக்கே வந்தது. இறுதி ஆட்டம் காலாங்கில் உள்ள சிங்கப்பூர் உள்ளரங்கில். பரிசுத் தொகை 1 கோடியே 80 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். கூலி வாங்காமல் ஒருவர் செய்து, இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போன மேப்பின் வாரிசு அது.

பூட்டு

அக்கா மகனின் மேப்பை வேறு யாராவது திருத்தியிருக்க முடியாதா? அவனிடமே கேட்டேன்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பூட்டிட்டேன் மாமா."

அந்தக் காலத்தில் அது பரவலான வழக்கம். ஒருவர் செய்த மேப்பை இன்னொருவர் திறந்து, பெயரை மட்டும் மாற்றி, தன்னுடையது என்று வெளியிட்டுவிடுவார். அந்தப் பயத்தில் மேப்பைப் பூட்டும் மென்பொருள் வந்தது. மேப் கருவி படிப்பதற்குத் தேவையான கோப்புகளை அது எடுத்துவிடும். எழுதியவர் வைத்த பெயர்களையெல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்துத் துண்டுகளாக நறுக்கிவிடும். ஆட்டம் ஓடும், ஆனால் உள்ளே போய் யாரும் கை வைக்க முடியாது. திருடனுக்குப் போட்ட பூட்டு, பழுது பார்க்க வருபவனையும் சேர்த்து வெளியே நிறுத்தியது. பூட்டாத மூலக் கோப்பு அவன் வீட்டு வேறொரு கணினியில் இருந்தது. அந்தக் கணினியை அவன் அம்மா எப்போதோ பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள்.

இது வார்கிராஃப்ட்டோடு முடிந்த கதை இல்லை. 'ஸ்கைரிம்' விளையாட்டு வெளிவந்து பத்தாண்டு நிறைந்த 2021 நவம்பர் 11 அன்று, அதன் நிறுவனம் ஒரு பெரிய அப்டேட் விட்டது. விளையாட்டின் மூல நிரலைப் புதிய கருவியில் மறுபடி கட்டியிருந்தார்கள். கணினி நினைவகத்தில் இன்ன இடத்தில் இன்னது இருக்கும் என்று முகவரி பார்த்துப் போய்த் தொடும் மோட்கள் அன்று ஒட்டுமொத்தமாக நின்றன. வீடுகள் அப்படியே இருக்க, ஒரே இரவில் தெருவின் கதவிலக்கங்கள் எல்லாம் மாறினால் தபால்காரர் என்ன செய்வார்? அங்கேயும் நடந்தது இதேதான். செய்தவர் இன்னும் இருந்த மோட்களும், மூல வரிகளை எல்லோரும் பார்க்க வெளியிட்டிருந்த மோட்களும் மெல்ல மெல்ல எழுந்தன. மூடிவைத்துவிட்டு ஆள் போய்விட்ட மோட்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

நிறுவனங்கள் பக்கமும் குற்றம் உண்டு. அதைச் சொல்லாமல் விட மாட்டேன். 2020 ஜனவரியில் 'வார்கிராஃப்ட் 3' புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, ஆடுபவர்கள் செய்யும் மேப்கள் அனைத்தும் பிளிசார்டுக்கே சொந்தம் என்ற விதி உடன் வந்தது. டோட்டா கைவிட்டுப் போன வலியில் எழுதிய விதி என்று அப்போதே பலர் சொன்னார்கள். உழைத்துச் செய்வது நாளைக்கு நம்முடையது இல்லை என்று தெரிந்தால் பதினாறு வயதுப் பையன் எதற்காக இரவில் கண் விழிப்பான்? செய்பவன் வரவில்லை என்றால் வாங்கிக்கொள்ள ஆள் எங்கிருந்து வருவான்? கூட்டம் கலைய ஒரு பேட்ச் தேவையில்லை. இப்படி ஒரு விதி போதும்.

மேசை மேல்

மேப் என்பது கடைசியில் ஒரு பொட்டலம்தான். பூட்டு இருந்தாலும், அதற்கென்று உள்ள கருவியால் பிரித்து உள்ளிருக்கும் கட்டளைகளை வெறும் எழுத்தாகப் பார்க்க முடியும். அக்கா மகன் பிரித்தான். திரை முழுக்க வரிகள். தான் எழுதியதைத் தானே படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். எட்டு நண்பர்களின் செல்லப் பெயர்களை வைத்து எழுதியவை அத்தனையும் இப்போது 'ஏ', 'பிபி', 'சிஎக்ஸ்'. எது ஆறு, எது ஸ்டேடியம், எது யாருடைய கோபுரம் என்று எதுவும் தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்து, ஓரிடத்தில் விரலை வைத்தான். 'டிஎம்' என்ற ஒன்று ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்திலும் முதலில் வருகிறது. எதிரிப் படை அங்கிருந்துதான் கிளம்புகிறது. "இதுதான் வாய்க்கால்," என்றான். அந்த 'டிஎம்' வரும் இடங்களிலெல்லாம் 'ரோச்சோர்' என்று மாற்றினான். பக்கத்தில், யார் படித்தாலும் புரியும்படி, இது என்ன, எதற்கு என்று ஒரு வரி குறிப்பும் எழுதினான். பதினாறு வயதில் அப்படி ஒரு குறிப்பை அவன் எழுதியதே இல்லை.

அன்று இரவுக்குள் ஏழு பெயர்கள் திரும்பக் கிடைத்தன. இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அடாப்டரை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். வரும் ஞாயிறும் வருவான். ஒருவேளை முழு மேப்பும் எழாமலே போகலாம். அதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிட்டான். பிரித்த கோப்புகளுக்கு மேலே வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினான்: யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், என் பெயரை ஓரத்தில் வைத்தால் சந்தோஷம்.

சுங்கை ரோட்டில் பாய் விரித்த பெரியவர்கள் ரேடியோவை விற்கும்போது பின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். வாங்குபவன் நாளைக்கு அதைத் திறக்க வேண்டியவன் என்று அவர்களுக்குத் தெரியும்.

(அடுத்த வாரம்: பழைய சாமான்காரரிடம் போன கணினிகள் எங்கே போகின்றன?)