பிரேக் லீவர் உங்க விரலுக்கு வரணும்

சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்க. எப்பவும் ஓட்டற மாதிரி ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு, ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி பிரேக் லீவரைத் தொடுங்க. விரலோட முதல் மடிப்பு லீவர் மேல நல்லா உட்காருதா? இல்ல, உள்ளங்கையை கிரிப்பிலிருந்து கொஞ்சம் தூக்கினாத்தான் எட்டுதா? தூக்க வேண்டியிருந்தா, இன்னிக்கு சாயங்காலமே ஒரு சின்ன ஆலன் கீ தேடுங்க. கால் மணி நேர வேலை.

இதை எழுத ஒரு காரணம் இருக்கு. போன டிசம்பர்ல எங்க செட் ஏழு பேர் கொல்லிமலை போனோம். ஏறும்போது சைக்கிளை வேன்ல போட்டுக்கிட்டோம் (இதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல), இறங்கும்போது மட்டும் ஓட்டறதா திட்டம். 70 கொண்டை ஊசி வளைவு. கூட வந்த ரெண்டாம் வருஷ ஜூனியர் ஒருத்தங்க நாலஞ்சு வளைவுக்கு ஒரு தடவை நின்னு கையை உதறிக்கிட்டே இருந்தாங்க. "கை வலிக்குதுண்ணா, பிரேக் கெட்டியா இருக்கு"ன்னாங்க. நான் பெரிய அனுபவசாலி மாதிரி "பழகிடும்மா"ன்னு சொல்லிட்டு முன்னாடி போயிட்டேன். வண்டி வாங்கின கடையிலயும் அவங்களுக்கு இதே பதில்தான் கிடைச்சிருக்கு: புது வண்டி அப்படித்தான் இருக்கும், போகப் போக லூசாயிடும்னு.

பாதி மலை இறங்கினப்போ ஒரு வளைவுல அவங்களுக்கு பிரேக் நேரத்துக்குப் பிடிக்கல. வண்டி வெளிப்பக்கமா போய் தடுப்புச் சுவர்ல உரசி நின்னுச்சு. முழங்கையில சிராய்ப்பு மட்டும்தான். எதிர்ல பஸ் வரல, அவ்வளவுதான் எங்க அதிர்ஷ்டம். அப்புறம் அந்த லீவரை நான் பிடிச்சுப் பார்த்தேன். என் கைக்கு எட்டுச்சு. அவங்க கைக்கு, நாலு விரலையும் கிரிப்பை விட்டு எடுத்தாத்தான் எட்டுச்சு. கெட்டியா இருந்தது பிரேக் இல்ல, தூரமா இருந்தது லீவர்.

கிரிப்புக்கும் லீவருக்கும் நடுவுல இருக்கற இந்தத் தூரத்துக்குப் பேர்தான் ரீச். அதைக் கூட்டவும் குறைக்கவும் பெரும்பாலான ஹைட்ராலிக் லீவர்ல ஒரு குட்டித் திருகு இருக்கு. ஆனா கடையில யார் கைக்கும் பார்த்து வைக்கறது இல்ல, பெட்டியில வந்தபடியே மாட்டி அனுப்பிடறாங்க.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம்? ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை ஒரு கையால சுத்திப் பிடிச்சு இறுக்கிப் பாருங்க. அப்புறம் ஒரு கிரிக்கெட் ஸ்டம்பை அதே மாதிரி இறுக்குங்க. விரிஞ்ச விரலுக்கு வலு கம்மி, பாதி மடங்கின விரலுக்கு வலு ஜாஸ்தி. இனி முதல் வருஷ பாஸ்கல் விதி. மாஸ்டர் பிஸ்டன் விட்டம் 10 மி.மீ., காலிப்பர் பிஸ்டன் 22 மி.மீ.னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கங்க. பரப்பளவு விகிதம் 2.2-இன் வர்க்கம், அதாவது 4.84. தள்ளற விசை கிட்டத்தட்ட 5 மடங்கு ஆகுது. அதுக்கு முன்னாடியே லீவர் ஒரு நெம்புகோலா வேலை செஞ்சு விசையைப் பெருக்கிடுது. அதனாலதான் நல்ல ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஒரு விரல் போதும்னு சொல்றாங்க. ஆனா அந்த ஒரு விரல் லீவரோட நுனியில, கொக்கி மாதிரி வளைஞ்ச இடத்துல இருக்கணும். பிவட்டுக்குப் பக்கத்துல அழுத்தினா நெம்புகோல் லாபம் பாதி போச்சு.

இன்னொரு கணக்கு. மணிக்கு 30 கி.மீ. வேகம்னா நொடிக்கு 8.3 மீட்டர். லீவரைத் தேடி விரலை நீட்டறதுல 0.3 நொடி வீணாச்சுன்னா, பிரேக் பிடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 2.5 மீட்டர் போயிருப்பீங்க. கொண்டை ஊசி வளைவுல அது ரோட்டுக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, வேலைக்கு வருவோம். திருகைத் தொடறதுக்கு முன்னாடி லீவர் சரியான இடத்துல இருக்கான்னு பாருங்க. நிறைய பேர் இதை விட்டுடறாங்க. லீவர் கிரிப்போட ஒட்டி இருந்தா உங்க ஆள்காட்டி விரல் லீவரோட நடுவுலதான் விழும். கிளாம்ப் போல்ட்டை, 4 அல்லது 5 மி.மீ. கீ வேணும், லேசா தளர்த்தி, விரல் நுனிக் கொக்கியில விழற வரைக்கும் லீவரை ஹேண்டில்பார் நடுப்பக்கமா தள்ளுங்க. சீட்டுல உட்கார்ந்து பார்க்கும்போது முன்கையும் விரலும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி சாய்வு வச்சு இறுக்குங்க. எவ்வளவு இறுக்கணும்னு கிளாம்ப் மேலயே நிறைய வண்டியில எழுதியிருக்கும். அதைத் தாண்டாதீங்க.

இப்போ ரீச் திருகு. விலை கூடின மாடல்கள்ல கையாலயே திருகற குமிழ் இருக்கும். மத்ததுல லீவர் பிவட் பக்கத்துல சின்ன ஓட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். பெரும்பாலும் 2 மி.மீ. கீ, சிலதுல 2.5. கீயை முழுசா உள்ள இறக்கிட்டுத் திருப்புங்க. இந்தச் சின்ன அறுகோணம் ஒரு தடவை வழுக்கிருச்சுன்னா அப்புறம் அழுகைதான். முனை தேய்ஞ்ச கீயோட இந்தப் பக்கமே வராதீங்க. எந்தப் பக்கம் திருப்பினா லீவர் கிட்ட வரும்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறுது, அதனால கால் சுற்று திருப்பி லீவர் எந்தப் பக்கம் நகருதுன்னு கண்ணால பாருங்க. திருகு டைட்டா ஆனாலும், பிடிப்பே இல்லாம சுத்தினாலும் நிறுத்திடுங்க.

விரலோட முதல் மடிப்பு லீவர்ல உட்கார்ந்ததும் போதும். ஸ்கேல் வச்சு ரெண்டு பக்கமும் ஒரே தூரமான்னு அளந்துக்கங்க.

அப்புறம்தான் உண்மையான சோதனை. லீவரை முழு பலத்தோட இழுத்துப் பிடிங்க. அது கிரிப்பைத் தொடக்கூடாது, கிரிப்பைப் பிடிச்சிருக்கற மத்த விரல்களையும் நசுக்கக்கூடாது. லீவரைக் கிட்ட கொண்டு வந்தா, பேட் ரோட்டரைக் கவ்வற இடமும் சேர்ந்து கிட்ட வந்துடும். சக்கரத்தைத் தூக்கி சுத்திவிட்டும் பாருங்க. முன்னாடி இல்லாத உரசல் இப்போ இருந்தா, திருகைக் கொஞ்சம் பின்னாடி விடுங்க.

லீவர் கிரிப் வரைக்கும் போய் முட்டுது, இல்ல ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குதுன்னா அது ரீச் பிரச்சினையே இல்ல. எண்ணெயில காத்து புகுந்திருக்கும், அல்லது பேட் தேய்ஞ்சிருக்கும். ரீச் திருகை வெளியே விட்டு லீவரைத் தள்ளி வச்சு இதை மறைக்கற பழக்கம் நம்ம ஹாஸ்டல்ல இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம், பிளீட் பண்ணுங்க. பிளீட் பண்ணும்போது எண்ணெயைக் கவனிங்க. ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராம்ல பெரும்பாலும் டாட் திரவம், சில புது மாடல்ல மட்டும் மினரல். ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தி ஊத்தினா உள்ள இருக்கற ரப்பர் சீல் ஊதிக் கெட்டுடும். பைக்குக்கு வாங்கின பிரேக் ஆயில் மிச்சம் இருக்கேன்னு ஊத்திடாதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் நேரா மலைக்குப் போகாம, கிரவுண்ட்ல மெதுவா பத்து தடவை பிரேக் பிடிச்சுப் பாருங்க. எந்த லீவர் முன்சக்கரத்துக்குன்னும் அப்பவே பார்த்துக்கங்க. நம்ம ஊர் வண்டியில பெரும்பாலும் வலது கை, வெளிநாட்டுல இருந்து வர்றதுல மாறியிருக்கலாம். லீவர் இப்போ கிட்ட இருக்கறதால முதல் நாள் பழைய பழக்கத்துல ஓவரா அழுத்திடுவீங்க.

அந்த ஜூனியரோட வண்டியை மலையடிவாரத்துலயே சரி பண்ணினோம். ஒவ்வொரு பக்கமும் மூணு சுற்று, அவ்வளவுதான். திரும்ப வர்றப்போ வேன்ல "இது முன்னாடியே தெரியாதாண்ணா?"ன்னு கேட்டாங்க. என் வண்டிக்கு மட்டும் வாங்கின அன்னிக்கே பண்ணியிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரல.

2 மி.மீ. கீ இல்லாதவங்க சைக்கிள் ஷெட் ஜன்னல்ல இருக்கற நீல டப்பாவைப் பாருங்க. எடுத்தவங்க திரும்ப அங்கேயே வச்சிடுங்க, போன செமஸ்டர்ல மட்டும் மூணு கீ காணாம போயிருக்கு.